சார்ஜ்: உங்கள் துறையில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

தேன்மழை

அனைவருக்கும் வணக்கம். இயந்திரக் கையேடுகளையும் ஒப்பந்தங்களையும் தமிழாக்குவது என் தொழில். எந்தத் துறைக் கோப்பைத் திறந்தாலும் என்னை நிறுத்திவிடுகிற ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு: சார்ஜ். கைபேசிக்கு சார்ஜ் ஏற்றுகிறோம். ரசீதில் சர்வீஸ் சார்ஜ் வருகிறது. காவல்துறை ஒருவர் மீது சார்ஜ் பதிகிறது. புதிய அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொள்கிறார். குதிரைப்படை பகைவரை நோக்கி சார்ஜ் செய்கிறது. பாறை உடைக்கும் வெடிமருந்துக்கும் சார்ஜ் என்று பெயர், எலக்ட்ரானுக்கு உள்ளதும் சார்ஜ்தான்.

வேரைத் தேடிப் போனால் ஒரு வண்டி நிற்கிறது. லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் சக்கர வண்டி. அந்த வண்டியில் சுமை ஏற்றுவதைப் பிற்கால லத்தீன் ‘கார்ரிகாரே’ என்றது. அது பழைய பிரெஞ்சு வழியாக 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கேரி, கார்கோ எல்லாம் ஒரே குடும்பம். கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் ‘கேரிகேச்சர்’ கூட அந்தக் குடும்பம்தான். முகத்தின் ஓர் அம்சத்தை அளவு மீறி ஏற்றி வரைந்த படம் என்பது பொருள்.

ஆகவே என் கருத்து: இவை பத்துப் பொருள்கள் அல்ல, ஒன்றின் மேல் மற்றொன்றை ஏற்றுவது என்ற ஒரே பொருள். தமிழும் இதற்குச் சாட்சி. குற்றம் சுமத்துகிறோம், பொறுப்பு ஏற்கிறோம், மின் ஏற்றுகிறோம்.

அகராதியில் இருப்பது எனக்குத் தெரியும். உங்கள் தொழிலில் இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது, எந்த இடத்தில் குழப்பம் தருகிறது என்று எழுதுங்கள்.

உலைமுகம்

வார்ப்புத் தொழிலில் இருக்கிறேன். எங்களுக்கு சார்ஜ் என்றால் உலைக்குள் போகிற பொருள். கையால் தொடலாம், எடை போடலாம். ஊதுலையில் இரும்புத் தாது, கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்), சுண்ணாம்புக்கல் மூன்றும் அடுக்கடுக்காக மேலிருந்து இறங்கும். அந்த மொத்தமும் சார்ஜ். அதில் கோக்கை நீக்கிவிட்டுத் தாதுவையும் சுண்ணாம்புக்கல்லையும் மட்டும் சொல்ல ஆங்கிலத்தில் ‘பர்டன்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். அதற்கும் சுமை என்றுதான் பொருள். தேன்மழை சொன்ன வண்டி எங்கள் உலைவாயில் இன்னும் நிற்கிறது.

எங்கள் ஆலையில் இருப்பது தூண்டல் உலை. மின்சுருளால் சூடாக்கிப் பழைய இரும்பை உருக்கும் உலை. இங்கே சார்ஜ் என்ற சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது ஈரம். மழையில் நனைந்த இரும்புத் துண்டு, உள்ளே நீர் தேங்கிய மூடிய குழாய், உறைபனி ஒட்டிய தகடு, இவற்றில் எது உருகிய உலோகத்துக்குள் மூழ்கினாலும் நீர் நொடிப்பொழுதில் ஆவியாகும். நீராவி, நீரைப்போல் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். மேலே 1,500 டிகிரி செல்சியஸுக்கு அருகில் உருகிய இரும்பு இருக்கிறது. அது அப்படியே வெளியே பீறிட்டு வரும். அதனால்தான் சார்ஜை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்துகிறோம், மூடிய குழாய்களை வெட்டித் திறந்துவிட்டுத்தான் போடுகிறோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். உருக்குவது அப்புறம்.

இன்னொன்று, சார்ஜ் கணக்கு. கடைசியில் வர வேண்டிய உலோகத்தில் கரிமம் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்பதை வைத்து, பின்னோக்கிப் போய் எந்தப் பழைய இரும்பு எத்தனை கிலோ என்று முடிவு செய்வது. அந்தக் கணக்கு பிசகினால் உலையில் சரிசெய்ய நேரமும் மின்சாரமும் வீணாகும்.

நெடுமொழி

வழக்கறிஞர். இங்கிலாந்தில் தோன்றிய பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் எங்களுக்கு இரண்டு சார்ஜ் உண்டு. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் பேசிக்கொள்வதில்லை.

ஒன்று எல்லோரும் அறிந்தது. குற்றவியல் நீதிமன்றத்தில் சார்ஜ் என்பது, இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன செயலைச் செய்தீர், அது இன்ன குற்றம் என்று ஒருவரிடம் அரசு முறைப்படி சொல்வது. அதன் நோக்கமே எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை அவருக்குத் தெரியப்படுத்துவதுதான். சார்ஜ் தெளிவில்லாமல் இருந்தால் எதிர்வாதமே செய்ய முடியாது. செய்தி படிப்பவர்கள் பலர் சார்ஜ் பதிவானதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அந்த நிலையில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அரசு ஒன்றைச் சொல்லியிருக்கிறது, இனிமேல்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும்.

இரண்டாவது கடன் தொடர்பானது. ஒரு நிறுவனம் வங்கியில் கடன் வாங்கும்போது தன் சொத்தின் மேல் வங்கிக்கு சார்ஜ் தருகிறது. சொத்து கடனாளியிடமே இருக்கும், உரிமையும் அவருடையதே. ஆனால் கடன் திரும்பாவிட்டால் அந்தச் சொத்திலிருந்து வசூலிக்க வங்கிக்கு மற்றவர்களைவிட முந்திய உரிமை. கட்டடம், இயந்திரம் போன்ற குறிப்பிட்ட சொத்தின் மேல் என்றால் நிலையான சார்ஜ்.

அழகானது மிதக்கும் சார்ஜ். சரக்கு இருப்பு தினமும் விற்கிறது, புதிது வருகிறது. எந்த மூட்டையின் மேலும் சார்ஜ் உட்கார முடியாது. ஆகவே அது அந்த மொத்தத் தொகுதியின் மேல் மிதக்கிறது. நிறுவனம் வழக்கம்போல் விற்கலாம், வாங்கலாம். நிறுவனம் நொடித்தாலோ, ஒப்பந்தம் சொல்லும் வேறு நிகழ்ச்சி நடந்தாலோ, அந்தக் கணத்தில் கையிருப்பில் என்ன இருக்கிறதோ அதன் மேல் இறங்கி உறைந்துவிடும். ஆங்கிலச் சட்டத்தில் படிகமாதல் என்ற சொல்லையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். 1870-இல் பனாமா, நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ராயல் மெயில் கம்பெனி வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் இத்தகைய உரிமையை ஏற்றுக்கொண்டது.

தேன்மழை, சுமை என்ற உங்கள் கருத்து இங்கே பொருந்துகிறது. ஆனால் எதன் மேல் என்று இன்னும் முடிவாகாத சுமை.

குளிர்காற்று

குளிர்சாதனம் பழுது பார்ப்பவன். எங்களுக்கு சார்ஜ் என்றால் குழாய்க்குள் இருக்கும் குளிர்பதன வாயுவின் எடை. தயாரிப்பாளர் ஒட்டிய பட்டையில் கிராம் கணக்கில் இருக்கும், தராசு வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அதிகமானால் திரவமாகவே கம்ப்ரசருக்குள் திரும்பி அதைச் சேதப்படுத்தும்.

வாடிக்கையாளர்கள் ‘வருடா வருடம் கேஸ் சார்ஜ் செய்ய வேண்டும்’ என்று நம்புகிறார்கள். மூடிய சுற்றில் வாயு செலவாவதே இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிவு. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மறுபடி நிரப்புவது வேலையே அல்ல. கைபேசிக்குச் சொல்கிற அதே சொல்லை இதற்கும் சொல்வதால்தான் தீர்ந்துபோகும் பொருள் என்ற எண்ணம் வருகிறது என்று நினைக்கிறேன்.

அலைநீளம்

இயற்பியல் ஆசிரியர். தேன்மழை அவர்களே, சொல்வரலாறாக நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்தச் சுமை என் வகுப்பறைக்குள் வந்தால் கெடுதல் செய்யும். செய்தும் வருகிறது. எங்கள் பாடத்தில் எலக்ட்ரானுக்கு உள்ள சார்ஜை மின்னூட்டம் என்போம்.

‘சார்ஜ் ஏறிய பேட்டரியில் மின்னூட்டம் அதிகம், தீர்ந்த பேட்டரியில் குறைவு.’ நன்றாகப் படிக்கும் மாணவர்களும் இப்படி எழுதுகிறார்கள். முழுக்க ஏறிய பேட்டரியின் நிகர மின்னூட்டம் பூஜ்யம். முழுக்கத் தீர்ந்த பேட்டரியின் நிகர மின்னூட்டமும் பூஜ்யம். மின்னேற்றும்போது ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் உள்ளே போகிறதோ அத்தனை மறுமுனையில் வெளியே வருகிறது. லித்தியம் அயனி பேட்டரிக்குள் நேர்முனையின் உலோக ஆக்சைடில் இருந்த லித்தியம் அயனிகள் எலக்ட்ரோலைட்டைக் கடந்து கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. எலக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியாக அதே பக்கம் வருகின்றன. அந்த இடமாற்றத்துக்கு நாம் ஆற்றல் செலவிட்டோம். அந்த ஆற்றல்தான் சேமிக்கப்பட்டது.

உண்மையிலேயே மின்னூட்டத்தை நிரப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். தலா 1 கூலும் மின்னூட்டம் உள்ள இரண்டு பொருள்களை 1 மீட்டர் இடைவெளியில் வைத்தால் அவை ஒன்றையொன்று தள்ளும் விசை சுமார் 900 கோடி நியூட்டன். ஏறத்தாழ 9 லட்சம் டன் எடைக்குச் சமம். எந்தக் கைபேசியும் அதைத் தாங்காது.

அடுத்து எலக்ட்ரானுக்கு வருவோம். அதன் மின்னூட்டத்தின் அளவு 1.602176634 × 10⁻¹⁹ கூலும். 2019 மே 20 முதல் இந்த எண் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. கூலும் என்ற அலகு இதிலிருந்து பிறக்கிறது. ஏற்றிய எதையும் இறக்க முடிய வேண்டும் அல்லவா? வண்டியிலிருந்து மூட்டையை இறக்கலாம், வழக்கிலிருந்து ஒருவரை விடுவிக்கலாம், கடனை அடைக்கலாம். எலக்ட்ரானிலிருந்து அதன் மின்னூட்டத்தை இறக்கிவைக்க வழியே இல்லை. மின்னூட்டம் இல்லாத எலக்ட்ரான் என்று ஒன்று கிடையாது. அந்த இடத்தில் உங்கள் வண்டி நின்றுவிடுகிறது.

பழஞ்சுவடி

அறிவியல் வரலாறு படிப்பவன். அலைநீளம் சொன்னதற்கு வலுச்சேர்க்க ஒன்று.

மின்சாரத்துக்கு இந்தச் சொல் பீரங்கியிலிருந்து வந்தது என்று கொள்ள இடமுண்டு. துப்பாக்கிக்குள் ஒரு முறை சுட வேண்டிய மருந்தை இட்டு நிரப்புவது சார்ஜ், சுட்டுத் தீர்ப்பது டிஸ்சார்ஜ். 1745-இலும் 1746-இலும் ஐரோப்பாவில் லைடன் ஜாடி கண்டுபிடிக்கப்படுகிறது: உள்ளும் புறமும் மின்கடத்தி வைத்த கண்ணாடி ஜாடி. தொட்டால் பெரிய அதிர்ச்சி. நிரப்பி வைத்துப் பின் ஒரே வெடிப்பாக வெளிவருவதால் துப்பாக்கியின் சொற்கள் அதன் மேல் இயல்பாகவே ஒட்டிக்கொண்டன. 1740-களின் பிற்பகுதியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் கடிதங்களில் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார். பல கண்ணாடித் தகடுகளை இணைத்த அமைப்புக்கு அவர் வைத்த பெயர் ‘பேட்டரி’. வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு அப்போது இருந்த பெயர் அது. நேர், எதிர் என்ற குறியீடுகளும் அவர் தந்தவையே.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, அதே ஃபிராங்க்ளின் அந்தச் சொல்லை நம்பவில்லை என்பது. ஜாடியின் ஒரு பக்கத்தில் கூடியது மறுபக்கத்தில் குறைகிறது, ஆகவே சார்ஜ் செய்ததாகச் சொல்லப்படும் ஜாடிக்குள் முன்பிருந்ததைவிட அதிக மின்சாரம் ஏதும் இல்லை என்று அவர் தெளிவாகவே எழுதினார். வகுப்பறையில் இன்று சொல்லித்தர வேண்டியிருக்கிறதை அந்தச் சொல்லைப் பரப்பியவரே 270 ஆண்டுகளுக்கும் முன்பு எழுதிவிட்டார். சொல் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை.

படைகளைப் பற்றியும் ஒரு வரி. ஈட்டியைத் தாக்குவதற்குத் தயாராகத் தாழ்த்திப் பிடிப்பதும் ஒரு காலத்தில் சார்ஜ்தான். அப்படிப் பிடித்துக்கொண்டு பாய்வதற்கே பிறகு அந்தப் பெயர் நின்றது. 1854 அக்டோபர் 25-இல் கிரைமியாவின் பாலக்லாவாவில் நடந்த பிரிட்டிஷ் இலகு குதிரைப்படையின் சார்ஜ், எந்தப் பீரங்கிகள் என்று தெளிவாகச் சொல்லாத கட்டளையால் தவறான பள்ளத்தாக்கில் நடந்தது. சொல்லில் இல்லாத தெளிவுக்கு மனிதர்கள் உயிரைக் கொடுத்த நாள் அது.

தேன்மழை

அலைநீளம் அவர்களே, ‘இறக்க முடியுமா’ என்ற உங்கள் கேள்வி கூர்மையானது. எலக்ட்ரான் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மற்ற இடங்களில் எல்லாம் அந்தக் கேள்வி என் பக்கமே பேசுகிறது என்று பாருங்கள். சார்ஜ் இருக்கும் துறையில் டிஸ்சார்ஜும் இருக்கிறது.

பழஞ்சுவடி எழுதிய கடைசி வரியைப் படித்ததும் என் மேசையில் இருக்கும் வேலையை இங்கே வைக்கத் தோன்றுகிறது. தூண்டல் உலை ஒன்றின் பாதுகாப்புக் கையேடு. அதில் ஒரு வரியின் பொருள், ‘சார்ஜ் முழுவதும் வெளியேற்றப்படும் வரை கதவைத் திறக்க வேண்டாம்.’ உலைக்குள் இருக்கும் உலோகமும் சார்ஜ், மின் பெட்டிக்குள் இருப்பதும் சார்ஜ். உலைமுகம், நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்?

உலைமுகம்

கதவு என்பது மின் பெட்டியின் கதவாகத்தான் இருக்க வேண்டும். அதற்குள் பெரிய மின்தேக்கிகள் வரிசையாக இருக்கும். உலைச் சுருளோடு சேர்ந்து வேலை செய்பவை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவற்றில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதை வடித்துவிட மின்தடைகள் வைத்திருப்பார்கள், சில நிமிடம் பிடிக்கும். அந்த மின்தடை பழுதாகியிருந்தால் எத்தனை நிமிடம் காத்திருந்தும் பயனில்லை. ஆகவே நேரத்தை மட்டும் நம்பக் கூடாது. மின்னழுத்தமானி வைத்துப் பார்த்து, பிறகு தரையிணைப்புக் கோலால் தொட்டு, அதன் பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அந்த வரியை அப்படியே தமிழில் போட்டால் என் ஆட்களில் பாதிப் பேர் உலோகத்தை ஊற்றி முடித்துவிட்டு, ‘சார்ஜ் காலி’ என்று பெட்டியைத் திறப்பார்கள். தயவுசெய்து மின்தேக்கி என்று எழுதுங்கள். சார்ஜ் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் வேண்டாம்.

தேன்மழை

நன்றி. இப்படி மாற்றுகிறேன்: ‘மின்தேக்கிகள் வடியும் வரை மின் பெட்டியின் கதவைத் திறக்க வேண்டாம். திறந்த பின்னும், அவற்றில் மின்னழுத்தம் இல்லை என்று அளவுகருவியால் உறுதி செய்து, தரையோடு இணைத்த பின்னரே உள்ளே கை வைக்கவும்.’ மூலத்தில் இல்லாத சொற்கள் சேர்கின்றன. தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்கிவிடுவேன்.

வெண்தாதி

இந்த இழையை இரவுப் பணி முடிந்து படிக்கிறேன். மருத்துவமனை வார்டில் அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான செவிலியரை சார்ஜ் நர்ஸ் என்பார்கள். யார் எந்த நோயாளியைப் பார்ப்பது, எந்தப் படுக்கை காலியாகிறது, யாரை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும், எல்லாம் அவர் தலையில். அது சுமைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தச் சொல்லின் திசை மாறுவதையும் கவனித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் செவிலி ‘இன் சார்ஜ் ஆஃப்’ குழந்தை என்றால் குழந்தைக்குப் பொறுப்பு செவிலி. குழந்தை ‘இன் த சார்ஜ் ஆஃப்’ செவிலி என்றாலும் பொறுப்பு செவிலிதான். நடுவில் ஒரு சின்ன ‘த’ வந்ததும் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் இடம் மாறிவிடுகிறார்கள். பராமரிப்பில் இருக்கும் குழந்தையையே சார்ஜ் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. சுமப்பவருக்கும் அந்தப் பெயர், சுமக்கப்படுபவருக்கும் அந்தப் பெயர்.

டிஸ்சார்ஜ் இன்னும் சிக்கல். நோயாளி வீடு திரும்புவதும் டிஸ்சார்ஜ், காயத்திலிருந்து கசிவதும் டிஸ்சார்ஜ். குறிப்பேட்டில் ஒற்றைச் சொல்லாக எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் குழம்புவார். எங்கிருந்து, என்ன நிறம், எவ்வளவு என்று எழுத வேண்டும் என்று நான் எப்போதும் வலியுறுத்துவேன்.

இதய அதிர்வுக் கருவியும் உண்டு. இதயம் ஒழுங்கின்றித் துடிக்கும்போது ‘200-க்கு சார்ஜ்’ என்று குரல் கொடுப்பார்கள். கருவி ஏறும் ஒலி கேட்கும், எல்லோரும் படுக்கையை விட்டு விலக வேண்டும். அந்த 200 என்பது ஜூல்.

அலைநீளம்

வெண்தாதி அம்மா, அந்தக் கடைசி வரிக்கு நன்றி. ஜூல் என்பது ஆற்றலின் அலகு. கருவிக்குள் இருப்பதும் ஒரு மின்தேக்கிதான். அதற்குள் ஏறுவதை ஆற்றலாகவே அளந்து ஆற்றலாகவே சொல்கிறார்கள். நோயாளிக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதுதான் அங்கே கேள்வி. இந்த எடுத்துக்காட்டை நாளையே வகுப்பில் சொல்வேன்.

பேரேடு

கணக்காளர். எங்கள் துறையில் இந்தச் சொல்லுக்கு ஒரு நுட்பமான எல்லைக்கோடு இருக்கிறது, அதை வெளியாட்கள் கவனிப்பதில்லை. லாபத்தின் மேல் சார்ஜ் என்பது வேறு, லாபத்தைப் பகிர்வது வேறு. கடனுக்கான வட்டி, தேய்மானம், வாடகை ஆகியவை சார்ஜ். லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் எழுதியே ஆக வேண்டும். இவற்றைக் கழித்த பிறகுதான் லாபம் என்ற எண்ணே பிறக்கிறது. பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகை அப்படி அல்ல. லாபம் என்று ஒன்று தெரிந்த பிறகு அதிலிருந்து ஒதுக்குவது.

தேய்மானம் சார்ஜாக இருப்பதை யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டில் யாருக்கும் பணம் போகவில்லை. என்றோ வாங்கிய இயந்திரத்தின் விலையில் ஒரு பகுதியை இந்த ஆண்டின் தோளில் வைக்கிறோம். எந்த ஆண்டு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான வாக்குவாதம் நடக்கிறது.

நீரடி

நிலத்தடி நீர் ஆய்வு. மழை மண்ணுக்குள் இறங்கி நீர்தாங்கியை அடைவது ரீசார்ஜ். ஊற்றாகவோ ஆற்றுக்கோ வெளிவருவது டிஸ்சார்ஜ். ஆற்றில் ஒரு நொடிக்கு ஓடும் கொள்ளளவுக்கும் டிஸ்சார்ஜ் என்றே பெயர். அமேசானுக்கு அது நொடிக்குச் சுமார் 2 லட்சம் கன மீட்டர். இங்கே தேன்மழை சொன்ன ஏற்றுதலும் இறக்குதலும் சுத்தமாகப் பொருந்துகின்றன, ஏனெனில் நீர் உண்மையிலேயே உள்ளே போகிறது. ஆனால் ரீசார்ஜ் என்றதும் பலர் கைபேசியை நினைத்து ஓர் இரவில் முடியும் என்று எண்ணுகிறார்கள். ஆழத்தில் உள்ள சில நீர்தாங்கிகளில் இருக்கும் நீர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறங்கியது. அதை எடுத்தால் நம் வாழ்நாளில் திரும்ப வராது. அங்கே ரீசார்ஜ் என்ற சொல்லைக் கேட்டு நிம்மதி அடைவது ஆபத்து.

துகள்வழி

துகள் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவி. அலைநீளம் ஐயா நிறுத்திய இடத்திலிருந்து ஓரடி மேலே போகிறேன். எங்களுக்கு மின்னூட்டம் என்பது பல சார்ஜ்களில் ஒன்று. புரோட்டானை ஆக்கும் துகள்களான குவார்க்குகளுக்கு ‘நிற சார்ஜ்’ இருக்கிறது. மூன்று வகை, சிவப்பு, பச்சை, நீலம் என்று பெயர். கண்ணால் காணும் நிறத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. புரோட்டானுக்குள் குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வலுவிசைக்கு ஆதாரம் அதுவே. மின்னூட்டத்திலும் குவார்க்குகள் எலக்ட்ரானின் அளவை முழுதாகக் கொண்டிருப்பதில்லை: அப் குவார்க்குக்கு மூன்றில் இரண்டு பங்கு நேர், டவுன் குவார்க்குக்கு மூன்றில் ஒரு பங்கு எதிர். இரண்டு அப், ஒரு டவுன் சேர்ந்தால் புரோட்டானின் முழு ஒன்று.

இவற்றுக்கெல்லாம் ஏன் ஒரே பெயர்? ஜெர்மன் கணிதவியலாளர் எம்மி நூட்டர் 1918-இல் வெளியிட்ட தேற்றத்தில் விடை இருக்கிறது. இயற்கை விதிகளில் தொடர்ச்சியான சமச்சீர் ஒன்று (சிறிது சிறிதாக எவ்வளவு மாற்றினாலும் விதி அப்படியே இருக்கும் தன்மை) இருந்தால் அதற்கு இணையாக மாறாமல் காக்கப்படும் ஓர் அளவு இருக்கும். அப்படிக் காக்கப்படும் அளவையே நாங்கள் சார்ஜ் என்கிறோம். யார் மேலும் எதுவும் ஏற்றப்படவில்லை. எத்தனை மோதல் நடந்தாலும் முன்னும் பின்னும் கூட்டினால் ஒரே எண் வர வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இந்தப் பொருள்தான் எல்லாவற்றிலும் அழகானது.

பேரேடு

துகள்வழி, முன்னும் பின்னும் கூட்டினால் ஒரே எண் வர வேண்டும் என்றால் அது எங்கள் இரட்டைப் பதிவு முறை. உங்கள் துறை இவ்வளவு அருகில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

நெடுமொழி

விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். ஜூரி இருக்கும் நீதிமன்றங்களில், ஜூரிகள் கலந்து பேசப் போகும் முன் நீதிபதி அவர்களுக்குச் சட்டத்தை விளக்குவதும் சார்ஜ்தான். இங்கே குற்றம் சுமத்துவது கிடையாது, கடமையைச் சுமத்துவது. அமெரிக்காவில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் முட்டி நிற்கும்போது, மறுபடி முயலுங்கள் என்று நீதிபதி தரும் கூடுதல் அறிவுரைக்கு ‘ஆலன் சார்ஜ்’ என்று பெயர். 1896-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முட்டுக்கட்டையை உடைப்பதால் வழக்கறிஞர்கள் அதை ‘டைனமைட் சார்ஜ்’ என்கிறார்கள். வெடிமருந்தின் சார்ஜும் நீதிபதியின் சார்ஜும் சந்தித்த இடம். சிறுபான்மைக் கருத்துள்ள ஜூரிகளை இது நெருக்குகிறது என்ற காரணத்தால் அங்கேயே சில மாநிலங்கள் இதை விலக்கிவிட்டன. என் மனமும் அவர்கள் பக்கம்தான். தயங்கும் ஒருவரின் தயக்கத்துக்கு நீதிமன்றம் இடம் தர வேண்டும்.

இளந்தளிர்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அலைநீளம் ஐயாவிடம் ஒரு கேள்வி. பேட்டரியின் நிகர மின்னூட்டம் பூஜ்யம் என்றால் அதன் மேல் 5,000 மில்லியாம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பது என்ன? ஆம்பியரை நேரத்தால் பெருக்கினால் மின்னூட்டம்தானே வரும்?

அலைநீளம்

நல்ல கேள்வி தம்பி. மின்னூட்டம்தான். ஆனால் உள்ளே இருக்கும் மின்னூட்டம் இல்லை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளிச்சுற்று வழியாகக் கடந்து போகக்கூடிய மின்னூட்டம். 1 மில்லியாம்பியர் மணி என்பது 3.6 கூலும். ஆகவே 5,000 என்றால் 18,000 கூலும் கடந்து போகும். ஒரு முனையில் கிளம்பியது மறுமுனையில் சேர்ந்துவிடுவதால் பேட்டரிக்குள் மொத்தம் மாறாது.

வேலை செய்யும் திறன் வேண்டுமென்றால் அதை மின்னழுத்தத்தால் பெருக்கு. லித்தியம் அயனி செல்லின் சராசரி சுமார் 3.7 வோல்ட். 5 ஆம்பியர் மணி × 3.7 வோல்ட் = 18.5 வாட் மணி.

இளந்தளிர்

அப்படியானால் 10,000 என்று எழுதியிருக்கும் பவர் பேங்க், 5,000 உள்ள கைபேசியை இரண்டு முறை முழுதாக நிரப்பாததற்கு அதுதான் காரணமா? ஏமாற்று என்று நினைத்திருந்தேன்.

அலைநீளம்

முழுக்க அதுவல்ல. 10,000 என்ற எண் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு. ஆற்றல் 37 வாட் மணி, உன் கைபேசியின் 18.5-க்குச் சரியாக இரண்டு மடங்கு. வெளியே 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும்போது 37-ஐ 5-ஆல் வகு: 7.4 ஆம்பியர் மணி. மாற்றும் சுற்றில் சிறிது வெப்பமாகப் போகும், கைபேசிக்குள் மறுபடி மாற்றும்போது இன்னும் சிறிது. இரண்டு முறை முழுதாக நிரம்பாததற்கு இந்த இழப்புதான் காரணம். எண் பொய் இல்லை, 10,000 எங்கே 7,400 ஆனது என்பது எந்த வோல்ட்டுக்கு என்று சேர்த்துச் சொல்லாததால் வருகிற மயக்கம்.

விமான நிறுவனங்கள் வாட் மணியில் கேட்பதும் இதனால்தான். பொதுவாக 100 வாட் மணி வரை முன் அனுமதி இல்லாமல் கைப்பையில் கொண்டுபோகலாம், 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 3.7 வோல்ட்டில் 100 வாட் மணிக்கு எத்தனை மில்லியாம்பியர் மணி வரும் என்று நீயே கணக்குப் போட்டு இங்கே எழுது.

இளந்தளிர்

27,000-க்குச் சற்று மேல் வருகிறது, ஐயா. துல்லியமாக 27,000 என்றால் 99.9 வாட் மணி.